முதற்கருவும் முன்னேற்பாடும்

மணம் முடிந்த சில மாதங்களில், "மருமகள் முழுகாமல் இருக்கிறாள்" என்ற செய்தி அடுப்படியிலிருந்து திண்ணைக்கு வந்து சேருகிறது. அல்ஹம்துலில்லாஹ் என்கிறோம். யாஸீன் ஓதுகிறோம். பெண்ணைப் பெற்ற வீட்டாருக்குச் சொல்லி அனுப்புகிறோம். மாமியார் விரல் விட்டு மாதக் கணக்குப் பார்க்கிறார். எல்லாம் முறையாக நடைபெறுகின்றன. ஆனால் ஒன்றை மட்டும் பெரும்பாலான வீடுகளில் எவரும் வாய் திறந்து கேட்பதில்லை. இந்தப் பெண்ணை எந்த மருத்துவரிடம், எந்த நாளில், யார் அழைத்துச் செல்வது? அதற்கான செலவு யாருடைய பொறுப்பு?

கேட்காததற்குக் காரணம் உண்டு. "மூன்று மாதம் கழியட்டும். அதற்குள் வெளியே தெரிந்தால் கண்ணேறு பட்டுவிடும்" என்று மூத்தவர்கள் தடுத்துவிடுகிறார்கள். கண்ணேறு உண்டென்பதை நபிமொழிகள் உறுதி செய்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஊராரிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தால் சொல்லாதிருங்கள். ஆனால் மருத்துவர் ஊரார் அல்லர். மறைக்க வேண்டியவர்களின் பட்டியலில் அவரையும் சேர்த்துவிடுவதுதான் நாம் செய்யும் தவறு. நாம் மறைத்து வைக்கும் அந்த முதல் 12 வாரங்களில்தான் சிசுவின் இதயமும் மூளையும் முதுகுத்தண்டும் உருப்பெறுகின்றன. முதுகுத்தண்டின் குறையைத் தடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரை, கருவுறுவதற்கு முன்பிருந்தே, அல்லது கரு தரித்தது தெரிந்த நாளிலிருந்தே உட்கொள்ளப்பட வேண்டியது. நான்காம் மாதத்தில் அதைத் தொடங்கினால் அந்தப் பயன் கிட்டுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரையில், கர்ப்ப காலத்தில் குறைந்தது 8 முறை மருத்துவ உதவியை நாட வேண்டும் என்றும், அவற்றுள் முதலாவது 12 வாரங்களுக்குள் அமைய வேண்டும் என்றும் கூறியிருப்பது இதனால்தான்.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்வோர் உளர். அவன்தான் பார்த்துக்கொள்கிறான்; ஐயமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கிராமவாசி ஒருவருக்குப் பெருமானார் (ஸல்) அறிவுறுத்திய செய்தியை மிம்பரில் கேட்டுத் தலையசைக்கும் நாம், நம் வீட்டுப் பெண்ணின் விஷயத்தில் மட்டும் கயிற்றை எடுப்பதே இல்லை. மூஸா நபியின் (அலை) தாயாரைப் பாருங்கள். குழந்தையை நதியில் விட்டுவிடுமாறு இறைவனே அறிவித்தான். திரும்ப அவரிடமே சேர்ப்பதாக வாக்களித்தவனும் அவனே. ஆயினும் அந்தத் தாய், மூத்த மகளைக் கரையோரமாகப் பின்தொடர்ந்து சென்று கவனிக்கச் சொன்னார். வஹீயின் உறுதிமொழி பெற்றவரே ஏற்பாட்டைக் கைவிடவில்லை.

ஏற்பாட்டுக்கு அரபியில் 'தத்பீர்' என்று பெயர். 10ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கொர்தோபா நகரில் வாழ்ந்த அரீப் இப்னு ஸஅத் என்னும் அறிஞர், சிசு உருவாகும் விதத்தையும் கர்ப்பிணிகளையும் பிறந்த குழந்தைகளையும் பராமரிக்கும் முறையையும் விளக்கித் தனி நூலே இயற்றினார். அந்நூலின் பெயரிலேயே 'தத்பீர்' என்ற சொல் இடம்பெற்றுள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அவ்வளவு அக்கறை கொண்ட சமுதாயத்தின் வாரிசுகள் நாம்!

முதல் நாள் மருத்துவரிடம் செல்லும்போது பெண் வெறுங்கையோடு செல்லலாகாது. கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாள் எது என்பதைக் குறித்துக்கொண்டு செல்ல வேண்டும். அந்த நாளிலிருந்து 280 நாட்கள் என்பதே பிரசவ நாளைக் கணிக்கும் பொதுவான முறை. ஆங்கில மாதப்படி ஒன்பது மாதமும் ஏழு நாளும் என்பார்கள். நம் வீட்டு மூதாட்டிகள் ரஜப், ஷஅபான் என்று பிறைக் கணக்கில் நினைவு வைத்திருப்பார்கள். அவர்கள் ஒன்பது பிறை மாதங்களுடன் ஏறத்தாழ 14 நாட்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வெறும் ஒன்பது பிறை என்று எண்ணிவிட்டு, "நாள் தாண்டிவிட்டதே, இன்னும் வலி வரவில்லையே" என்று கலங்குவதற்கு இந்த இரண்டு வார வேறுபாடே காரணம். நாள் சரியாக நினைவில்லை என்றாலும் குற்றமில்லை. தொடக்க மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் அதைத் தெளிவுபடுத்திவிடும். (ஆணா பெண்ணா என்று அங்கே கேட்டுவிடாதீர்கள். 1994ஆம் ஆண்டின் சட்டப்படி கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம். பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்தவர்களைத் திருமறை எவ்வாறு கண்டிக்கிறது என்பதை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.)

உறவுக்குள் மணம் முடித்திருந்தால் அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மாமன் மகளையும் சாச்சா மகளையும் மணப்பது மார்க்கத்தில் ஆகுமானதே. ஆனால் ஆகுமானது என்பதற்காக மருத்துவரிடம் மறைக்க வேண்டும் என்பதில்லை. சில பரம்பரை நோய்கள் அத்தகைய குடும்பங்களில் தோன்றும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதால், அதற்குரிய சோதனைகளை அவர்கள் முன்கூட்டியே செய்வார்கள்.

இரத்த வகையை அறிவது அவசியம். கணவரின் வகையும் தெரிந்திருக்க வேண்டும். மனைவியின் இரத்தம் நெகட்டிவ், கணவரின் இரத்தம் பாசிட்டிவ் என்று அமைந்தால், 28ஆவது வார அளவில் ஓர் ஊசியும், குழந்தையின் இரத்தம் பாசிட்டிவ் என்று தெரிந்தால் பிறந்த 72 மணி நேரத்திற்குள் மற்றோர் ஊசியும் போடப்படும். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் நேராது. ஊசியைத் தவறவிட்டால் துன்பம் அடுத்த குழந்தைக்குத்தான் வரும். "தலைப்பிரசவம் நல்லபடியாகத்தானே நடந்தது, இரண்டாவது ஏன் இப்படி ஆயிற்று?" என்று கேட்டு, பிறகு தாயத்துத் தேடி அலையும் குடும்பங்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்தது இரத்த சோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 விழுக்காட்டினருக்கு இரத்த சோகை இருந்தது. இரண்டு பெண்களில் ஒருவர் என்று பொருள். ஹீமோகுளோபின் அளவு 11 கிராமுக்குக் குறையலாகாது. பிரசவத்தில் எல்லாப் பெண்களுக்குமே இரத்தம் போகிறது. இருப்பு உள்ளவள் தாங்குகிறாள், இல்லாதவள் சாய்ந்துவிடுகிறாள். ஆகவேதான் நான்காம் மாதத்திலிருந்து குறைந்தது 180 நாட்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். நம் வீடுகளில் நடப்பது என்ன? "மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துவிடும், பெருத்துவிடும்" என்று சொல்லி அதை அலமாரியில் போட்டுவிட்டு, குங்குமப்பூ வாங்கிப் பாலில் கலந்து கொடுக்கிறார்கள். மனிதர்களின் நிற வேறுபாட்டைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் எண்ணிக் காட்டியிருக்க, நமக்கேன் இந்த வெள்ளைத் தோல் மோகம்? பேரீச்சம்பழம் நல்லதுதான்; மர்யம் (அலை) அவர்களுக்குப் பிரசவ வேளையில் இறைவன் அருளிய உணவு அது. ஆயினும் குறைந்துபோன இரத்தத்தை மீட்க அது மட்டும் போதாது. மாத்திரையைத் தேநீருடனும் பாலுடனும் உட்கொள்ளலாகாது என்பதையும் அடுப்படியில் உள்ளோர் அறிந்திருக்க வேண்டும்.

மர்யம் (அலை) அவர்களைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. வேதனையில் துவண்டிருந்த அந்தத் தாயிடம், பேரீச்ச மரத்தின் அடியைத் தம் பக்கமாக அசைக்கும்படி கூறப்பட்டதைப் பத்தொன்பதாவது அத்தியாயத்தில் ஓதுகிறோம். அவருக்கு உதவ அங்கே மனிதர் எவருமில்லை. நம் மகளைச் சுற்றிலும் உம்மா இருக்கிறார், மாமி இருக்கிறார், ராத்தாக்கள் இருக்கிறார்கள், கணவன் இருக்கிறான். மரத்தை அசைக்கும் வேலையை இத்தனை பேர் இருக்கும்போதும் அவள் தலையிலேயே வைக்கலாமா?

இனிச் செலவு. மனத்தாங்கல் பிறக்கும் இடம் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில். செலவும் தாய் வீட்டாருக்கே. இது நம் நாட்டில் பலரும் பின்பற்றும் வழக்கம். பெண் தன் தாயின் அருகில் இருப்பது ஆறுதல். அதை யாரும் குறை கூற முடியாது. காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண் மணமான பிறகும் தாய் வீட்டிலேயே இருப்பதால் இந்தப் போக்குவரவே இல்லை. ஆனால் தங்குமிடம் வேறு, செலவு வேறு. பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் அளிப்பது தந்தையின் கடமை என்று அல்பகரா அத்தியாயம் விதிக்கிறது. தலாக் சொல்லப்பட்ட பெண்ணாயினும், கர்ப்பிணியாக இருந்தால் அவள் பிரசவிக்கும் வரை செலவு செய்ய வேண்டும் என்று அத்தலாக் அத்தியாயம் ஆணையிடுகிறது. பிரிந்து செல்பவளுக்கே இந்த உரிமை என்றால், இல்லறம் நடத்தும் மனைவிக்கு எவ்வளவு உரிமை இருக்க வேண்டும்!

பழைய ஃபிக்ஹு நூல்கள் பலவற்றில் மருத்துவரின் கட்டணமும் மருந்தின் விலையும் கணவனின் கட்டாயச் செலவில் சேர்க்கப்படவில்லை என்பது உண்மை. ஓதியவர்கள் சிலர் இதை எடுத்துக் காட்டுவார்கள். அன்று வைத்தியம் எப்போதாவது தேவைப்பட்ட ஒன்று. இன்று உணவைப் போல இன்றியமையாததாகிவிட்டது. இக்கால அறிஞர்கள் பலர் அதனைக் கணவனின் பொறுப்பிலேயே சேர்க்கிறார்கள். என் கருத்தும் அதுவே. ஹனஃபி நூல்களில் மருத்துவச்சியின் கூலி, அவளை யார் அழைத்தாரோ அவரைச் சாரும் என்று ஒரு சட்டம் காணப்படுகிறது. இதைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். நம் சம்பந்திகள் இருவரும் அந்தச் சட்டத்தைப் படித்தவர்கள் போலவே நடந்துகொள்கிறார்கள். அழைத்தால் கொடுக்க வேண்டுமே என்று இருவருமே அழைக்காமல் இருந்துவிடுகிறார்கள்! இடையில் அந்தப் பெண் ஐந்து மாதக் கர்ப்பிணியாகிறாள்.

பெண் வீட்டார் விரும்பிச் செய்தால் அது அன்பளிப்பு. கேட்டுப் பெற்றால் அது வேறு. ஏழாம் மாத விருந்துக்கு எத்தனை சஹன் சோறு, தொட்டிலுக்கு எத்தனை பவுன் என்று பேசுகிற மாப்பிள்ளை வீட்டார், அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் என்ன செய்வது என்பதைப் பேசுவதில்லை. செய்தி தெரிந்த மாதத்திலிருந்தே கணவன் ஒரு தொகையை ஒதுக்கி வர வேண்டும். சபுர் சென்றிருக்கும் கணவனாயின், அந்தப் பணம் மனைவியின் கைக்கோ அவளுடைய வங்கிக் கணக்குக்கோ நேராகச் சேர வேண்டும். ஸ்கேனுக்கு மாமனாரிடம் கேட்டு நிற்பது அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்பதை ரியாத்திலும் துபாயிலும் உள்ள தம்பிமார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெண் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும் என்ற விருப்பம் நியாயமானது. பெண் மருத்துவர் கிடைக்கும்போது அவரையே நாட வேண்டும் என்பதுதான் மார்க்கச் சட்டமும். சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையை இன்றும் முதியவர்கள் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே அழைக்கிறார்கள். ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கித் துன்புற்ற கோஷாப் பெண்களுக்காக 1885-இல் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் தோற்றுவித்தது அது. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களுள் அவரும் ஒருவர். நம் பெண்களின் நாணத்தைக் காக்க வேற்று நாட்டுப் பெண்மணி ஒருவர் கல்வி கற்று மருத்துவமனை கட்டினார். நாமோ பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கிறோம். நம் மகள் செவிலியர் படிப்புக்கு விண்ணப்பித்தால் இரவு வேலை என்று தடுக்கிறோம். பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்தில் மஸ்ஜிதுந் நபவியில் கூடாரம் அமைத்துக் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தவர் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி அன்றோ? மருத்துவக் கல்வி ஃபர்ளு கிஃபாயா. ஊரில் ஒருவரேனும் கற்காவிடில் ஊரார் அனைவர் மீதும் பொறுப்பு விழும். அந்த நிலை மாறும் வரையில், அவசர வேளையில் ஆண் மருத்துவர்தான் இருக்கிறார் என்றால் தாமதியாமல் அவரிடம் ஒப்படைப்பதற்கு ஷரீஅத்தில் தடையில்லை. வாசலில் நின்று விவாதிக்கும் நேரத்தில் உயிர் போய்விடக்கூடும்.

ரமளானில் கர்ப்பிணிகள் நோன்பு நோற்பது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். தனக்கோ சிசுவுக்கோ தீங்கு நேரும் என்று அஞ்சும் பெண் நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்யலாம். ஹனஃபி மத்ஹபில் களா மட்டுமே. ஷாஃபிஈ மத்ஹபில், சிசுவுக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால் களாவுடன் நாளொன்றுக்கு ஒரு முத் தானியம் ஃபித்யாவும் உண்டு. அச்சம் நியாயமானதா என்பதை முடிவு செய்பவர் மாமியார் அல்லர். மருத்துவரும் அந்தப் பெண்ணின் உடலுமே. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவள், "எல்லோரும் நோன்பு வைக்கிறார்களே" என்று வெட்கப்பட்டு நோற்பது தக்வா ஆகாது.

அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்வதைக் கௌரவக் குறைவாக எண்ணும் குடும்பங்கள் உள்ளன. தனியார் மருத்துவமனையில் காட்டினாலும் பதிவு அவசியம். அப்போது கிடைக்கும் எண், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்கப்படுகிறது. கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் அவர் வழிகாட்டுவார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், தகுதியுடைய ஏழைத் தாய்மார்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு, 2018 முதல் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தவணைகளாக வழங்கப்படுகிறது. இது தர்மம் அன்று, உரிமை. பதிவைத் தள்ளிப்போட்டவர்கள்தாம் பிறகு அலைகிறார்கள். ஏழாம் மாதம் வேறு ஊரிலுள்ள தாய் வீட்டுக்குப் போகும் பெண், அட்டையையும் சோதனைத் தாள்களையும் கையோடு கொண்டு செல்ல வேண்டும். பிரசவம் நடக்கவிருக்கும் மருத்துவமனைக்கு முன்னரே ஒருமுறை சென்று காட்டிவிட வேண்டும். புதிய மருத்துவர் ஒருவர் நள்ளிரவில், ஒரு தாளும் இல்லாமல் அவளை முதன்முதலாகப் பார்ப்பது பேராபத்து.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். இரவில் மருத்துவர் இருப்பாரா, அறுவைச் சிகிச்சைக்கு வசதி உண்டா, இரத்தம் உடனே கிடைக்குமா, குழந்தை மருத்துவர் வருவாரா என்று கேளுங்கள். சுகப்பிரசவத்துக்கு எவ்வளவு, அறுவைக்கு எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். இரத்தப்போக்கு, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, பனிக்குடம் உடைதல், சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்தால் கட்டணமின்றி வண்டி வரும். யார் உடன் செல்வது, யார் கையெழுத்திடுவது என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். வயது வந்த பெண் தன் சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் அளிக்கலாம். வெளிநாட்டிலிருக்கும் கணவன் தொலைபேசியை எடுக்கும் வரை அறுவை அரங்கின் வாசலில் காத்திருப்பது அறியாமை.

இத்தனையும் எழுதும்போது, மருத்துவமனையே வேண்டாம் என்று வாதிடும் ஒரு சாராரை நினைக்காமலிருக்க முடியவில்லை. 2018-இல் திருப்பூரில், காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் நடத்த முயன்றதில் ஓர் இளம் பெண் இறந்தார். 2025 ஏப்ரலில் கேரளத்து மலப்புரத்தில், ஐந்தாவது பிரசவத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டதில் ஒரு முஸ்லிம் தாய் உயிரிழந்தார். கணவர் கைது செய்யப்பட்டார். இத்தகையோரில் சிலர், பிரசவத்தில் இறக்கும் பெண்ணுக்கு ஷஹீதுடைய அந்தஸ்து உண்டு என்ற நபிமொழியை மேற்கோள் காட்டுகிறார்கள். அந்நபிமொழி, முயன்றும் காப்பாற்ற முடியாமல் தவிக்கும் குடும்பத்தாரின் கண்ணீரைத் துடைப்பதற்காக அருளப்பட்டது. காப்பாற்ற முயலாதவர்கள் அதன் பின்னே ஒளிந்துகொள்வது மார்க்கத்தின் மீது இழைக்கப்படும் அநீதி. ஒவ்வொரு நோய்க்கும் மருந்தை இறக்கியிருக்கிறான், ஆகவே வைத்தியம் செய்துகொள்ளுங்கள் என்று கூறியவரும் அதே பெருமானார்தாம் (ஸல்). 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் பிரசவங்களுக்கு இந்தியாவில் 97 தாய்மார்களும் தமிழ்நாட்டில் 54 தாய்மார்களும் இறந்தார்கள். இந்த வேறுபாடு, நம் மாநிலத்தில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளில் நடைபெறுவதோடு நெருங்கிய தொடர்புடையது.

பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்லியதோடு ஏற்பாடு முடிந்துவிடுவதில்லை. தாய்க்கு இரத்தப்போக்கு மிகுதியாகும் அபாயம் முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் முன்னதாகவே பெயர் வெட்டிக்கொண்டு வராதீர்கள். நாற்பது கழியும் வரை வாசல் தாண்டக் கூடாது என்று நம் வீடுகளில் ஒரு கட்டு உண்டு. நிஃபாஸ் என்பது தொழுகைக்கும் நோன்புக்கும் உரிய சட்டம். அதன் உச்ச அளவு ஹனஃபி மத்ஹபில் 40 நாள், ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாள். மருத்துவரிடம் செல்வதற்கு அதில் எந்தத் தடையும் கூறப்படவில்லை. காய்ச்சலோ, துர்நாற்றமுள்ள கசிவோ, மார்பில் கட்டியோ, காரணமில்லாத அழுகையோ கண்டால் பத்தாம் நாளாயினும் அழைத்துச் செல்லுங்கள். ஒன்றுமே இல்லையென்றாலும் ஆறாவது வாரத்தில் ஒரு பரிசோதனை உண்டு. நாற்பது முடிந்து இரண்டாம் நாளில் அது வருகிறது. பிரசவத் தேதியைக் குறிக்கும் அதே நாட்காட்டியில் அதையும் குறித்து வையுங்கள்.